24.5 எப்படி 24 ஆனது? ஆக்டேவிலிருந்து பைத்தானுக்கு மாறியதில் வந்த வம்பு

கேள்வி: ஈஈஈ_டீச்சர்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஈஈஈ (மின், மின்னணுவியல்) துறையில் வேலை பார்க்கிறேன். போனில் தட்டுவதால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் இன்டர்னல் மார்க் கூட்டிப் போடும் வேலை பத்து வருடமாக என் தலையில்தான். முதலில் மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். லைசென்ஸ் முடிந்தபோது அதே நிரலை ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் போட்டேன், ஒரு வரிகூட மாற்றாமல் ஓடியது. இந்த வருடம் லேபுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. "எல்லாரும் பைத்தானுக்குப் போய்விட்டார்கள், நாமும் போவோம்" என்றார் ஹெச்ஓடி. சும்மா கிடந்த சங்கை நான்தான் எடுத்து ஊதினேன். இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி பைத்தான் நிரல்மொழியில் மாற்றினேன்.

இரண்டு டெஸ்ட், ஒவ்வொன்றும் 30-க்கு. இரண்டின் சராசரியை முழு எண்ணாக்கிப் பட்டியலில் போட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாள் காலை, இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி தன் இரண்டு விடைத்தாளையும் பக்கத்து பெஞ்சுத் தோழியின் இரண்டு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டாள்.

"மேம், எனக்கு 24, 25. அவளுக்கு 25, 26. ரெண்டு டெஸ்ட்லயும் ஒரே ஒரு மார்க்தான் வித்தியாசம். லிஸ்ட்ல எனக்கு 24, அவளுக்கு 26 போட்டிருக்கு. ஒண்ணு எப்படி ரெண்டாச்சு?"

என்னிடம் பதில் இல்லை. இவளுக்கு 24.5, தோழிக்கு 25.5. சின்ன வயதிலிருந்து நாம் படித்தபடி 25, 26 என்றுதான் வர வேண்டும். விடைத்தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு "மதியம் வா" என்று அனுப்பிவிட்டேன்.

உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்தது இது:

ரவுண்ட் என்பது முழு எண்ணாக்கும் கட்டளை. ஆக்டேவில் ரவுண்ட்(24.5) போட்டால் 25. எக்செலிலும் 25. பைத்தானில் 24! பைத்தானுக்கான கணக்குத் தொகுப்புகளான நம்பையில் 24, பாண்டாஸிலும் 24. ஃபைலைப் படிப்பதில் கோளாறோ என்று 24.5-ஐக் கையாலேயே தட்டிப் பார்த்தேன், அதே 24. ஆனால் 24.51 கொடுத்தால் ஒழுங்காக 25 வருகிறது. அப்புறம் வரிசையாகக் கொடுத்தேன். 0.5-க்கு 0, 1.5-க்கு 2, 2.5-க்கு 2, 3.5-க்கு 4. விடை எல்லாமே இரட்டைப்படை. யாரோ வேண்டுமென்றே செய்தது போல இருக்கிறது.

62 பேரில் 17 பேருக்கு அரை மார்க் வந்திருக்கிறது. அதில் 9 பேருக்கு ஒரு மார்க் போய்விட்டது. பட்டியலில் ஹெச்ஓடி கையெழுத்தும் விழுந்துவிட்டது.

இது பைத்தானின் பிழையா, என் பிழையா? எப்படிச் சரிசெய்வது? இந்த மாதிரி வேறு எங்கெல்லாம் காலை வாரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மறுமொழி 1: வெண்டைக்காய்_பொரியல்

மேம், பிழை இல்லை. வேண்டுமென்றே செய்ததுதான், நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

சரிபாதியில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. மேட்லேப், ஆக்டேவ், சைலேப், எக்செலின் ரவுண்ட், சி மொழியின் ரவுண்ட் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து விலகிப் போகும் பக்கம் தள்ளும். பைத்தான் 3, நம்பை, ஆர், ஜூலியா, மேத்தமேட்டிக்கா எல்லாம் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். இதற்கு 'பேங்கர்ஸ் ரவுண்டிங்' என்று பெயர். பைத்தான் 2-இல் பழைய வழிதான் இருந்தது, 3-இல் மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், எக்செல் கட்டத்தில் எழுதும் ரவுண்ட் 25 தரும். அதே எக்செலுக்குள் மேக்ரோ எழுதும் விஷுவல் பேசிக்கில் இருக்கும் ரவுண்ட் 24 தரும். ஒரே வீட்டுக்குள் இரண்டு சமையல்.

உடனடி வைத்தியம்: ரவுண்டை எடுத்துவிட்டு ஃப்ளோர்(மார்க் + 0.5) போடுங்கள். ஃப்ளோர் எப்போதும் கீழே உள்ள முழு எண்ணைத் தரும். மார்க்கில் மைனஸ் வராது என்பதால் இதுவே போதும். மைனஸ் மார்க் போடும் வழக்கம் உங்கள் துறையில் இருந்தால் சொல்லுங்கள், வேறு வழி தருகிறேன்.

---

மறுமொழி 2: ஜல்லி_மணல்_சிமெண்ட்

டீச்சர், இதைக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். நான் சிவில். டெஸ்டிங் லேபில் வலிமை பார்க்கக் கான்கிரீட் கியூப் உடைத்தே தலை நரைத்தவன்.

இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 2 என்று ஒன்று உண்டு. எண்களை ரவுண்ட் செய்வது எப்படி என்பதற்காகவே போட்டது. விடப்போகும் இலக்கம் 5, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றால், முந்தைய இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு, இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடு என்கிறது. உங்கள் பைத்தான் செய்ததும் அதேதான். ஏறக்குறைய எந்த ஐஎஸ் கோடை எடுத்தாலும் முன்னுரையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள், சோதனை முடிவுகளை ஐஎஸ் 2 படி ரவுண்ட் செய்யவும் என்று ஒரு வாக்கியம் இருக்கும். யாரும் படிப்பதில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் பாடத்திலும் இதே விதி வருகிறது. பரீட்சை முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஏன் இப்படி என்றால், நீங்கள் தட்டிப் பார்த்த அதே நான்கு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 0.5, 1.5, 2.5, 3.5. கூட்டினால் 8. எல்லாவற்றையும் மேலே தள்ளினால் 1, 2, 3, 4, கூட்டினால் 10. இரட்டைப்படைக்குத் தள்ளினால் 0, 2, 2, 4, கூட்டுத்தொகை அதே 8. ஆயிரக்கணக்கான அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் இடத்தில், எப்போதும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாயும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

ஆனால் மார்க்குக்கு இது வேண்டாம் டீச்சர். கியூப் வந்து "பக்கத்து கியூபுக்கு மட்டும் ஏன் 26" என்று கேட்காது. பிள்ளை கேட்கும், கேட்டதில் நியாயமும் இருக்கிறது.

---

மறுமொழி 3: கேப்டன்_கணக்கு

62 பேருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எக்செலில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே.

---

மறுமொழி 4: ஈஈஈ_டீச்சர்

கேப்டன் சார், 62 பேர் ஒரு வகுப்புக்கு. மூன்று வருடம், வருடத்துக்கு ஏழெட்டுப் பாடம், டெஸ்ட், அசைன்மென்ட், வருகைப்பதிவு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தவிர, எக்செலில் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவள் நான். கட்டத்தின் ஃபார்மேட்டில் தசமத்தை எடுத்துவிட்டால் 24.5 கண்ணுக்கு 25 என்று தெரியும், உள்ளே 24.5-ஆகவே இருக்கும். கீழே மொத்தம் போட்டால் கண்ணில் தெரிகிற எண்களுக்கும் மொத்தத்துக்கும் ஒத்துவராது. அன்றைக்குக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பிரின்சிபால் முன்னால் நின்ற காட்சி எனக்கு மறக்காது.

வெண்டைக்காய் தம்பி, ஜல்லி சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐஎஸ் 2 பற்றி இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது.

ஃப்ளோர் போட்டுவிட்டேன். 9 பேருக்கும் மார்க் திரும்பிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போன வருடத் தரவை எடுத்து, பழைய ஆக்டேவ் பட்டியலையும் புது பைத்தான் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் ஒத்துப்போனது, ஒரே ஒரு பையனைத் தவிர!

அசைன்மென்ட் 50-க்கு, அதை 25-க்கு மாற்ற வேண்டும். அவன் வாங்கியது 29. பாதி 14.5, ரவுண்ட் செய்தால் 15. ஆக்டேவ் பட்டியலில் 15 இருக்கிறது. பைத்தானில் 14. ஃப்ளோர் போட்ட பிறகும் 14. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

புது நிரலில் முதலில் 29/50 என்று சதவீதப் பத்தி ஒன்று உருவாக்குகிறேன், அதை 25-ஆல் பெருக்குகிறேன். பழையதில் சதவீதப் பத்தி கிடையாது, 29*25/50 என்று நேராகவே எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றுதானே?

---

மறுமொழி 5: மிதவைப்புள்ளி

மேடம், நமக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இல்லை. நான் எண்முறைப் பகுப்பாய்வில் ஆராய்ச்சி மாணவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், தாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பைத்தானில் 0.58*25 என்று மட்டும் தட்டிப் பாருங்கள். 14.499999999999998 என்று வரும். அதோடு 0.5 கூட்டினால் 14.999999999999998. ஃப்ளோர் அதை 14 ஆக்கிவிடுகிறது. ஃப்ளோர்மேல் குற்றம் இல்லை, அதற்கு வந்த எண்ணே அரைக்குக் கீழேதான் இருந்தது.

இப்போது அதையே ஆக்டேவிலும் தட்டுங்கள். 14.500 என்று காட்டும். "பார், ஆக்டேவ்தான் யோக்கியன்" என்று தோன்றும். அது காட்சி மட்டும்தான். ஆக்டேவ் வழக்கமாக ஐந்து இலக்கம்தான் திரையில் காட்டும். 'ஃபார்மேட் லாங்' கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் சாயம் வெளுக்கும். ரவுண்ட்(0.58*25) என்று ஆக்டேவில் போட்டாலும் 14தான் வரும். ஆகவே இந்தப் பையன் விஷயத்தில் மென்பொருள் மாறியது காரணமில்லை, நீங்கள் பெருக்கும் வரிசையை மாற்றியதுதான் காரணம்.

ஏன் அப்படி? கம்ப்யூட்டர் எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், வைக்கிறது. மூன்றில் ஒரு பங்கை 0.3333 என்று எழுதினால் எப்படி முடியாமல் போகிறதோ, அதுபோல 0.58 இரண்டடிமானத்தில் முடிவில்லாமல் போகும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி அதை 53 பிட்டில் வெட்டி வைக்கிறார்கள். உள்ளே நிற்பது 0.58 அல்ல, 0.57999999999999996 என்று தொடங்கும் ஓர் எண். அதை 25-ஆல் பெருக்கினால் அந்தக் குறையும் 25 மடங்காகி, 14.5-ஐத் தொட முடியாமல் ஒரு படி கீழே நின்றுவிடுகிறது. 29*25 என்று முதலில் பெருக்கினால் 725, முழு எண். 725/50 என்பது 14.5. பாதி என்பது இரண்டடிமானத்தில் துல்லியமாக அடங்கும். எனவே சரியாக வந்தது. உங்கள் பழைய நிரல் பத்து வருடம் தப்பித்ததற்கு அந்த ஒரு வரியின் வரிசைதான் காரணம்.

அசைன்மென்டில் 29 வாங்குபவன் ஒவ்வொரு வருடமும் வருவான். எனவே நிலையான தீர்வு: மார்க் விஷயத்தில் தசமத்தையே தொடாதீர்கள். முழு எண்ணிலேயே முடித்துவிடலாம். இரண்டு டெஸ்ட் சராசரி என்றால் இரண்டையும் கூட்டி ஒன்று சேர்த்து, இரண்டால் வகுத்து ஈவை மட்டும் எடுங்கள். 24+25+1 = 50, ஈவு 25. பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டால் ஈவு மட்டும் வரும். அசைன்மென்டுக்கு, மேலே வருவதை இரட்டித்து வகுக்கும் எண்ணைக் கூட்டி, இரட்டித்த வகுக்கும் எண்ணால் வகுங்கள். 2*725 + 50 = 1500, அதை 100-ஆல் வகுத்தால் ஈவு 15. எங்கேயும் தசமம் இல்லை, எந்த மென்பொருளிலும் இதே விடைதான். சதவீதப் பத்தி காட்சிக்கு இருக்கட்டும், அதிலிருந்து மார்க்கைக் கணக்கிடாதீர்கள்.

சில்லறைதானே என்று விட்டதில் மாட்டியவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. 1982 ஜனவரியில் வான்கூவர் பங்குச் சந்தை ஒரு குறியீட்டெண்ணை 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்குப் பின்னால் இருந்ததை ரவுண்ட் செய்யாமல் வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீட்டெண் ஏறத்தாழ 520-இல் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டதும் 1,098-க்கு மேல் போனது. ஜல்லி சார் சொன்ன "ஒரு பக்கமாகச் சாயும்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேறு எங்கே காலை வாரும் என்று கேட்டிருந்தீர்கள். ஆக்டேவிலிருந்து வருபவர்களை மிக மோசமாக ஏமாற்றுவது திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. 27, 30, 33 என்ற மூன்று எண்களுக்கு ஆக்டேவிலும் எக்செலின் வழக்கமான சூத்திரத்திலும் 3 வரும். நம்பையில் 2.449. ஆக்டேவ் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 2-ஆல் வகுக்கிறது, நம்பை 3-ஆல் வகுக்கிறது. சரி, பைத்தானின் வழக்கம் போல என்று விட்டுவிடலாம் என்றால், அதே பைத்தானில் பாண்டாஸ் 3 என்கிறது! நம்பையில் 'டிடிஓஎஃப்' என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால் ஒத்துப்போகும். இங்கே பிழைச்செய்தி எதுவும் வராது, தவறான எண் அமைதியாக வந்து உட்காரும், அதுதான் ஆபத்து. எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவது, பெருக்கல் குறி அணிப்பெருக்கல் செய்யாதது போன்றவை பெரும்பாலும் முதல் நாளே கத்தி ஊரைக் கூட்டிவிடும், கவலை வேண்டாம்.

---

மறுமொழி 6: ஜல்லி_மணல்_சிமெண்ட்

27, 30, 33 என்று எங்கள் கியூப் ரிசல்ட் மாதிரியே எண் கொடுத்திருக்கிறீர்கள் தம்பி. போன மாதம்தான் புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் 2.45 என்று எழுதி ரிப்போர்ட் கொண்டுவந்தார். நான் கால்குலேட்டரில் 3 என்கிறேன், அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறார். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டேன், லேப்டாப் சொல்கிறதே என்று. நாளைக்கு அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுக்க வேண்டும்.

---

மறுமொழி 7: ஈஈஈ_டீச்சர்

மிதவைப்புள்ளி தம்பி, ஃபார்மேட் லாங் போட்டுப் பார்த்தேன். 14.500 என்று இத்தனை வருடம் என்னைப் பார்த்துச் சிரித்த ஆக்டேவ் ஒரே நொடியில் 14.4999 என்று முகத்தை மாற்றிக்கொண்டது. ஆக்டேவ் என்ற பெயரே ஆக்டேவ் லெவென்ஸ்பீல் என்ற கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியரின் பெயர், உறையின் பின்பக்கத்தில் சட்டென்று தோராயக் கணக்குப் போடுவதில் அவர் கெட்டிக்காரர் என்று எப்போதோ படித்திருந்தேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐந்து இலக்கம்தான் காட்டுவேன் என்றால் கோபப்படவும் முடியவில்லை.

நிரலை முழு எண்ணுக்கு மாற்றிவிட்டேன். ஐந்து வருடத் தரவை ஓட்டினேன், ஆக்டேவ் பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது. ஒரு விஷயம் நிம்மதி. இரட்டைப்படைக்குத் தள்ளும் விதியில் யாருக்கும் கூடுதலாக வந்திருக்க வாய்ப்பில்லை, குறைந்துதான் இருக்கும். எனவே திருத்திய பட்டியலில் யாரிடமிருந்தும் மார்க்கைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. பிடுங்க வேண்டியிருந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு ஒருத்தி அல்ல, ஊரே வந்திருக்கும்.

ஹெச்ஓடியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அரை வந்தால் மேலே என்று பட்டியலுக்குக் கீழே ஒரு வரி டைப் பண்ணிடுங்க, அடுத்த வருஷம் வேற யாராவது வேற ஏதாவதுல போடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் அந்தப் பெண் வந்தாள். ஜல்லி சார் சொன்ன 0.5, 1.5, 2.5, 3.5 கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். "அப்போ கம்ப்யூட்டர் தப்பு பண்ணல, நீங்கதான் மேம்" என்றாள். ஆமாம் என்றேன். 25 என்று திருத்திய இடத்தை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "லேப் ரெக்கார்டுல ரீடிங்கை எந்த விதியில ரவுண்ட் பண்ணணும் மேம்?" என்று கேட்டாள்.

ஜல்லி சார், அதற்கு ஐஎஸ் 2-தானே? திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

மறுமொழி 8: ஜல்லி_மணல்_சிமெண்ட்

ஐஎஸ் 2தான். உங்கள் சிவில் துறை அலமாரியில் கட்டாயம் ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருக்கும், தட்டி எழுப்புங்கள். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்: ஒரே தாவில் ரவுண்ட் செய்ய வேண்டும், படிப்படியாகச் செய்யக் கூடாது. 2.449-ஐ முதலில் 2.45, அப்புறம் 2.5, அப்புறம் 3 என்று ஏற்றிக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.